குதிரை விழுங்கிய கல்

அளவைக் கருவியின் மூன்றுகால் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் ஏறினால், நடத்துநர் முதலில் கேட்பது எந்த ஊருக்கு என்று அல்ல.

“இன்னாம்மா, ஷூட்டிங்கா?”

“ஆமாம்பா, நீதான் ஹீரோ. கொஞ்சம் ஓரமா நில்லு, மேடம் ஏறட்டும்,” என்றார் துரை அண்ணன். என்னோடு வரும் களப்பணியாளர். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே இந்த மாவட்டத்து நிலங்களில் நாடா பிடித்து நடப்பவர்.

நான் நில அளவர். வேங்கிக்கால் அலுவலகத்தில் சேர்ந்தபின் மூன்று நாள் வெளியே தங்கிச் செய்யும் முதல் வேலை இது. மாவட்டத்தின் மறுகோடியில், தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு சின்ன ஊரிலிருந்து மனு வந்திருந்தது. ஒரு கம்பெனி கட்டும் புதுச் சுற்றுச்சுவர் ஊர்ப் பாதையை அடைக்கிறது, அளந்து பாதையை மீட்டுத் தர வேண்டும் என்று. மனுவின் கீழே பாதிக்கு மேல் கைநாட்டு.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மா கிரிவலப் பாதையில் இளநீர் வெட்டுகிறாள். அப்பா செங்கம் சாலை விடுதிகளுக்குத் தண்ணீர் கேன் போடுகிறார். “எம்பொண்ணு அளந்தா கவர்மென்ட்டே அளந்த மாதிரி,” என்று அம்மா இளநீர் குடிக்க வந்தவர்களிடமெல்லாம் சொல்வாள். நான் மறுத்ததில்லை. அது உண்மைதான்.

முதல் பேருந்து பாதி வழியில் டயர் வெடித்து நின்றது. மாற்று டயரிலும் காற்று இல்லை. புளியமர நிழலில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு, ஷிப்டுக்குப் போகும் பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருந்த ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டோம். கருவிப் பெட்டியை ஒருத்தி மடியில் வாங்கி வைத்துக்கொண்டாள். உள்ளே என்ன என்று அவள் கேட்கவில்லை. கனமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

எங்கள் ஊரில் யாரும் திசை கேட்பதில்லை. தலையைத் தூக்கினால் மலை. மலை எந்தக் கைப்பக்கம் இருக்கிறது என்று பார்த்தால் போதும், தெருவைப் பிடித்துவிடலாம். தொழிற்பேட்டையில் இறங்கியபோது எனக்கு முதலில் இல்லாமல் போனது அதுதான். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரித் தகரக் கூரை, ஒரே நீளச் சுவர், புகைபோக்கி, உயர்மின் கோபுரம், வரிசையாக நிற்கும் கன்டெய்னர் லாரிகள். சூடான ரப்பர் வாசம். வானம் மட்டும் அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்தது.

பிறகு குதிரைகளைப் பார்த்தேன்.

இரண்டு குதிரைகள், பக்கத்துப் பக்கத்தில், கிழக்கே பார்த்து. ஒவ்வொன்றும் இருபதடி உயரம் இருக்கும். வெள்ளை உடல், சிவப்புச் சேணம், கழுத்தில் சிமென்ட்டிலேயே செய்த சலங்கை மாலை, விரிந்த மூக்கு. இரண்டுக்கும் பின்னால் ஊரின் காவல் தெய்வம் செம்முனி, முழங்காலில் அரிவாளை ஊன்றி உட்கார்ந்திருந்தார். குதிரைகளின் முன்னங்கால் குளம்புக்கு ஒட்டினாற்போல் கம்பெனியின் சுற்றுச்சுவர். சுவர் பத்தடி. ஆகவே குதிரைகள் சுவருக்கு மேலே தலையை நீட்டி, ஆலையின் முற்றத்தை, அங்கே ஏறி இறங்கும் ஃபோர்க்லிஃப்ட்டை, பெரிய கண்களால் பார்த்துக்கொண்டிருந்தன.

எங்கள் ஊர்ப் பச்சையம்மன் கோயிலிலும் முனிகள் பெரியவர்கள்தான். ஆனால் பின்னால் மலை நிற்கிறது. அதன் முன்னால் யாரும் பெரியவர் ஆக முடியாது. இங்கே அப்படி எதுவும் இல்லை. புகைபோக்கிக்கு அடுத்து இந்தக் குதிரைகள்தான். துரை அண்ணன் செருப்பைக் கழற்றினார். நானும் கழற்றினேன்.

வரைபடத்தை விரித்தேன். இது மிகவும் எளிய நிலம். வடக்குக் குதிரையின் இடது முன்னங்கால் முன்பு ஒரு எல்லைக்கல். அங்கிருந்து நேர் கிழக்கே நூற்று இருபது மீட்டர், இன்றைக்குக் கம்பெனி வாங்கியிருக்கும் நிலம். அதையடுத்து எட்டடி அகலத்தில் ஊர்ப் பாதை. பாதையின் மறுகரையில் ஏரி மதகு, அதன் ஓரத்தில் இரண்டாவது கல். மற்ற கற்களெல்லாம் தொழிற்பேட்டைக்காக நிலத்தைச் சமன்படுத்தியபோது புல்டோசரோடு போய்விட்டன.

குதிரைக் கால் முன்பு இருக்க வேண்டிய கல்லும் இல்லை. “கல்லு எப்பவோ காணாமப் போச்சு. குதிரை இருக்குதே, அது போதாதா?” என்றார் பூசாரி பச்சையப்பன். ஒல்லியான மனிதர். காதில் பீடி செருகியிருந்தார். கம்பெனியின் ஆள்களும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். குளம்பின் நுனியிலிருந்து அளந்து சுவர் எழுப்பியிருந்தார்கள். மேற்குச் சுவர் முடிந்துவிட்டது. இப்போது கிழக்குச் சுவருக்கு அஸ்திவாரம் தோண்டுகிறார்கள். அந்த அஸ்திவாரம்தான் பாதையின் மேல் ஏறிக்கொண்டிருந்தது.

மாலைக்குள் அளந்து முடித்தேன். குளம்பு நுனியிலிருந்து அஸ்திவாரத்தின் வெளி விளிம்புவரை சரியாக நூற்று இருபது மீட்டர். ஒரு விரற்கடை கூட ஏறவில்லை.

கூடியிருந்தவர்களிடம் சொன்னேன். “கம்பெனி அளவு சரியாத்தான் இருக்குதுங்க.”

யாரும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். முன்னால் நின்ற ஒரு பெண் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். ரஞ்சிதம். அதே கம்பெனியின் கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவள்.

“அளவு சரி, கம்பெனி சரி, நீங்களும் சரி. அப்ப எங்க பாதை எங்க மேடம் போச்சு? ஆவியாப் போச்சா?”

மீதமிருந்தது இரண்டடி. சைக்கிள்கூடப் போகாது.

“சுத்திக்கினு போனா பள்ளிக்கூடம் நாலு கிலோமீட்டர். கன்டெய்னர் போற ரோடு. எம்பொண்ணு ஒம்போதாவது. ஊட்டுக்காரரு இப்பவே ஆரம்பிச்சிட்டாரு, படிச்சது போதும், அதே கம்பெனிக்கு அனுப்பலாம்னு. பாதை போச்சுன்னா பொண்ணு படிப்பு போச்சு. அவ்ளோதான் மேடம் கணக்கு.”

அவள் என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். என் கையில் இருந்த கருவியைப் பார்த்து அல்ல.

தங்கியது பெண்கள் விடுதியில். ஆலைகளில் வேலை செய்யும் பெண்களுக்கானது. எனக்குக் கிடைத்த கட்டிலில் மெத்தை இன்னும் சூடாக இருந்தது. ஷிப்டுக்குப் போகிற ஒருத்தி எழுந்த இடத்தில் இன்னொருத்தி படுப்பது அங்கே வழக்கம். சாப்பாடு சோறும் பூசணிக்காய் சாம்பாரும். பக்கத்துக் கட்டில்காரி ஜவ்வாதுமலையிலிருந்து வந்தவள். “எங்க ஸ்டாப்பு பேரே குதிரைதான்க்கா,” என்றாள். “கண்டக்டர்கிட்ட ‘குதிரைக்கு ஒண்ணு’ன்னு கேப்போம். புதுசா வர்றவன் சண்டைக்கு வருவான், கிண்டல் பண்றோம்னு.” சிரித்தேன். ரஞ்சிதத்தின் கேள்வி மட்டும் தட்டில் கல்லாகக் கிடந்தது.

மறுநாள் காலையில் மதகுக் கல்லுக்குப் போனோம். செய்ய வேண்டிய வேலை இல்லை அது. மனுவுக்குப் பதில் எழுத நேற்றைய அளவே போதும். ஆனால் ஒரு பாதை ஆவியாகாது. நிலம் அப்படியெல்லாம் போகாது என்றுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

கல் இருந்தது. கரைச் சேற்றில், ஆகாயத்தாமரைக்கு நடுவே, தலையில் வெட்டிய குறியோடு. அங்கிருந்து குதிரைக் குளம்புக்கு அளந்தேன். கம்பெனி நிலமும் எட்டடிப் பாதையும் சேர்த்து நூற்று இருபத்திரண்டரைக்குக் கொஞ்சம் குறைவாக வர வேண்டும். நூற்று இருபது புள்ளி ஆறு மீட்டர்தான் வந்தது. ஆறடி கம்மி.

மீண்டும் அளந்தேன். அதே ஆறடி. கருவியைச் சந்தேகப்பட்டு இரும்பு நாடாவைப் பிடித்து நடந்தோம். வெயிலில் நாடா கையைச் சுட்டது. அப்போதும் ஆறடி.

“மெசின் பொய் சொல்லாது மேடம்,” என்றார் துரை அண்ணன். “பூமிதான் சுருங்கிடுச்சு.”

உச்சி வெயிலுக்குக் குதிரையின் வயிற்றடியில் ஒதுங்கினோம். அவ்வளவு பெரிய நிழல் அந்த ஊரிலேயே வேறு இல்லை. ரஞ்சிதம் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் அனுப்பியிருந்தாள். கோயில் என்பதால் கருவாட்டைத் தள்ளி வைத்தேன். பூசாரி அதைப் பார்த்துவிட்டு, “சாப்பிடுங்க மேடம், இவரு சைவமில்ல,” என்று செம்முனியைக் காட்டினார்.

சாப்பிட்டபடியே சும்மா கேட்டேன். இவ்வளவு பெரிய குதிரையை எந்தக் காலத்தில் கட்டினார்கள்?

“கட்டினது யாரு? இது வளந்தது,” என்றார் பூசாரி. “மொதல்ல ஆள் ஒசரம்தான் இருந்துச்சாம். முனியோட குதிரைய ஒடைக்கக் கூடாது மேடம். ஊனம் பண்ணிட்டா அவரு எறங்கி ஊருக்குள்ள நடந்துடுவாரு. அதனால ஒவ்வொரு கும்பாபிசேகத்துக்கும் பழசு மேலயே செங்கல் வச்சிக் கட்டி, பூசி, வர்ணம் அடிச்சிடுவோம். என் கண்ணால ரெண்டு வாட்டி பாத்துட்டேன்.”

கையில் எடுத்த களி உருண்டை அப்படியே நின்றது.

எழுந்து முன்னங்காலைச் சுற்றி வந்தேன். முழங்காலுக்குப் பின்னால் ஒரு நீள வெடிப்பு. கைபேசி விளக்கை உள்ளே அடித்தேன். வெளியே சிமென்ட். அதற்குள் செங்கல். அதற்குள் பழைய சுண்ணாம்புப் பூச்சு. அதன்மேல் மங்காத நீல வர்ணம். உள்ளே இன்னொரு குதிரை நின்றது. அதன் தோலைத்தான் பார்த்தேன்.

உடம்பு பெருக்கும்போது கால் தடித்தது. கால் தடிக்கும்போது குளம்பு முன்னால் நகர்ந்தது. குளம்புக்கு முன்னால் இருந்த கல்லைக் குதிரை விழுங்கிவிட்டது. கம்பெனி நேர்மையாக அளந்த நூற்று இருபது மீட்டரும் அதனால்தான் ஆறடி கிழக்கே தள்ளிப் பாதையின் மேல் போய் உட்கார்ந்தது. யாரும் திருடவில்லை. ஊரே பக்தியோடு, ஒவ்வொரு தடவையும் மேளம் வைத்து, தன் பாதையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிவிட்டிருக்கிறது.

மேலதிகாரியிடம் தொலைபேசியில் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. “கல்லைக் காட்டும்மா, கையெழுத்து போடறேன். இல்லன்னா இருக்கிறபடி எழுதிக் குடு,” என்றார். கம்பெனியின் அட்மின் ஆபீசர் பிரவீன் சொன்னதும் நியாயமாகவே இருந்தது. “மதகைப் புதுசா கட்டியிருக்காங்க மேடம். அப்போ மதகுக் கல்லையும் நகர்த்தியிருக்கலாமே. ரெண்டு கல்லுல ஒண்ணு நகர்ந்திருக்கு. எதுன்னு எப்படிச் சொல்வீங்க?”

குதிரைக்குள்ளிருக்கும் கல்லைப் பார்த்தால் சொல்லலாம். அதைப் பார்க்கக் காலை உடைக்க வேண்டும்.

விளக்கு வைக்கும் நேரத்தில் ஊர் கூடியது. முனியிடம் உத்தரவு கேட்பது என்று முடிவாயிற்று. வெள்ளைப் பூ ஒரு பொட்டலத்தில், சிவப்புப் பூ ஒரு பொட்டலத்தில். குலுக்கிப் போட்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் உடைக்கலாம். பூசாரியே கண்ணை மூடி எடுத்தார். பிரித்தார். அரளி, ரத்தச் சிவப்பு.

அவர் முகத்தில் இருந்தது நிம்மதி என்றுதான் நினைக்கிறேன். எல்லோரும் எழுந்தார்கள்.

“மாமா, ஒரு நிமிசம்,” என்றாள் ரஞ்சிதம். பூசாரி அவள் கணவனுக்குப் பெரியப்பா மகன். “ஒடைக்கலாமானுதானே கேட்டீங்க? ஒடைக்காதன்னுட்டாரு. தோண்டலாமானு கேட்டீங்களா?”

“இது வக்கீல் பேச்சு.”

“எந்தப் பேச்சோ. காலைத் தொட வேணாம். பக்கவாட்டுல பள்ளம் எடுத்து அடியால போலாம். நூறு நாள் வேலைல ஏரியவே தோண்டினவளுங்க நாங்க. ஒரு குதிரைக்குக் கீழ நாலடி போக மாட்டமா?”

“சரி, தோண்டலாமானும் கேட்டுடலாமா?” என்றார் ஒருவர்.

பூசாரி பொட்டலங்களை முனியின் காலடியில் வைத்துவிட்டார். “வேணாம்,” என்றார். “கேக்காத வரைக்கும் அவரு இல்லன்னு சொல்லல பாரு.”

மூன்றாம் நாள் காலை, தொழிற்பேட்டை வாசலில் தேநீர்க்கடை. ஒரு பக்கம் போண்டா, ஒரு பக்கம் வடக்கத்தித் தொழிலாளர்களுக்குப் பூரியும் உருளைக்கிழங்கும். பெஞ்சில் உட்கார்ந்து அன்றைய வேலைக்கு ஒரு மாதிரி வரைபடம் போட்டேன். கல் இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி. புள்ளியிலிருந்து வடக்கு தெற்காக எல்லைக்கோடு. கோட்டை நீட்டும்போதுதான் பென்சில் நின்றது.

கோடு குதிரைகளின் முன்னங்கால்களுக்குள் புகுந்து போயிற்று.

கிழக்கே பாதைக்கு ஆறடி கிடைத்தால், மேற்கே கம்பெனிக்கு ஆறடி கிடைக்கும். அந்த ஆறடியில்தான் இரண்டு குதிரைகளின் நான்கு முன்னங்கால்களும் நிற்கின்றன. கல்லைக் காட்டிய நிமிடத்தில் அவை கம்பெனி நிலத்தில் நிற்பவை ஆகிவிடும். ஆக்கிரமிப்பு என்ற சொல்லை நானே எழுத வேண்டியிருக்கும்.

துரை அண்ணனிடம் காட்டினேன். அவர் போண்டாவை மென்று முடித்தபின் பேசினார். “மேடம், மனு பாதையப் பத்தி. குதிரை யாரு நிலத்துல நிக்குதுன்னு எவனும் மனு போடல. நமக்கெதுக்கு?”

அனுபவம் பேசியது, அதில் தப்பில்லை. ஆனால் அந்த மனுவில் பாதிக்கு மேல் கைநாட்டு. கோடு எங்கே போகிறது என்று அவர்களால் படித்துப் பார்த்துக்கொள்ள முடியாது. என் அப்பாவிடம் ஒருமுறை ஒருவர் அப்படித்தான் ஒரு தாளை நீட்டினார். படிக்காமலே அப்பா கட்டைவிரலை வைத்தார். நான் படித்தது அந்தத் தாளை நீட்டுகிற ஆளாக ஆவதற்கு அல்ல.

கோயில் முன்பு பெண்கள் மண்வெட்டியும் கடப்பாரையுமாக வந்து நின்றிருந்தார்கள். தரையில் குச்சியால் கோடு போட்டுக் காட்டிச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

பூசாரி கடப்பாரையை ஒருத்தி கையிலிருந்து வாங்கிச் சுவரோரம் சாத்தினார். “அப்ப கல்லு வேணாம் மேடம். கல்லு இல்லன்னே எழுதிக் குடுங்க. பாதைக்கு வேற வழி பாக்கலாம்.”

“வேற வழி எங்க மாமா இருக்குது? உங்க சட்டைப் பையிலயா?” என்றாள் ரஞ்சிதம்.

“முனிய வித்துப் பாதை வாங்கச் சொல்றியா?”

“நான் விக்கச் சொன்னனா?”

“நாளைக்கே அவன் சுவத்த இப்படிக் கொண்டாந்தா? காலு அவன் எடத்துல. எடுக்கச் சொன்னா எங்க எடுத்துக்கினு போவ? உங்கூட்டு வாசல்லயா நிறுத்துவ?”

ரஞ்சிதம் சுவருக்கு மேல் நீண்டிருந்த குதிரைத் தலையை அண்ணாந்து பார்த்தாள். பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

“குதிரை கம்பெனிக்காரன் நிலத்துல நின்னாலும் நம்ம குதிரைதான் மாமா. அத யாரும் அவன் குதிரைன்னு சொல்ல மாட்டாங்க. பாதை அவன் நிலத்துக்குள்ள போச்சுன்னா, அத நம்ம பாதைன்னு யாராவது சொல்வாங்களா?”

ஆலையில் எட்டு மணிச் சங்கு ஊதி ஓய்ந்தது.

பூசாரி காதிலிருந்த பீடியை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பச் செருகிக்கொண்டார். சுவரோரம் போய்க் கடப்பாரையை எடுத்துவந்து, வாங்கியவள் கையில் திருப்பிக் கொடுக்காமல், தானே முதல் குத்துக் குத்தினார். பீடத்துக்குப் பக்கத்து மண்ணில். குதிரையின் மேல் படாமல்.

பள்ளம் இடுப்பளவு இறங்கியதும் எனக்குப் பயம் வந்தது. மேலே நிற்பது இருபதடிச் செங்கல். பக்கவாட்டில் குடைந்தால் என்ன ஆகும் என்று நான் படித்திருக்கிறேன். அதனால்தான் பயமும் கூடுதலாக இருந்தது. வேலையை நிறுத்தச் சொன்னேன். கிழக்குச் சுவருக்கு அஸ்திவாரம் போட்டுக்கொண்டிருந்த ஒடிசாத் தொழிலாளர்கள் நால்வர், தேநீர் இடைவேளையில் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் பள்ளத்தைப் பார்த்தார், குதிரையைப் பார்த்தார், மற்றவர்களிடம் ஏதோ சொன்னார். போனவர்கள் கான்கிரீட் தளத்துக்கு முட்டுக் கொடுக்கும் இரும்பு ஜாக்கிகள் ஆறும், பலகைகளும் தூக்கி வந்தார்கள். இவர்கள் கட்டும் சுவரைத்தான் நாங்கள் தள்ளப் போகிறோம். அது தெரியுமா என்று, உடன் வந்திருந்த அவர்களுடைய சூப்பர்வைசரைக் கேட்கச் சொன்னேன். கேட்டு மொழிபெயர்த்தார். “தெரியும் என்கிறார் மேடம். எங்க ஊரிலும் கிராமத்து அம்மனுக்கு மண் குதிரை வைப்போம், முழங்கால் உயரம்தான் இருக்கும், இது விழுந்தால் பாவம் என்கிறார். சுவர் எங்கே கட்டச் சொன்னாலும் கூலி அதேதானாம்.”

முட்டுக் கொடுத்து, பலகை அடைத்து, ஒரு ஆள் படுத்து நகரும் அளவுக்கு வழி எடுத்தார்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு உள்ளிருந்து ஒருத்தி குரல் கொடுத்தாள். “ஏதோ கெட்டியா தட்டுது. செங்கல் இல்ல.”

பார்க்க வேண்டியது அளவர்தான். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்தேன். துரை அண்ணன் என் கணுக்கால் இரண்டையும் பிடித்துக்கொண்டார். “ஏதாவது அசைஞ்சா இழுத்துடுவேன் மேடம், திட்டக் கூடாது,” என்றார்.

உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. ஈரமண் வாசம். தலைக்கு ஒரு சாண் மேலே பழைய குதிரையின் அடிப்பாகம், காரை உதிர்ந்து. முழு எடையும் என் முதுகுக்கு மேலே நிற்பது, தொடாமலே தெரிந்தது. கையை நீட்டினேன். கருங்கல். நான்கு பக்கமும் செதுக்கியது. விளிம்பு இன்னும் கூராகவே இருந்தது. மேல் பாதி குதிரைக்குள். கீழ் பாதி மண்ணில். யாரும் அதை அசைத்ததில்லை. மண் கல்லோடு ஒட்டி இறுகியிருந்தது. நாடாவின் நுனியைக் கல்லின் முகத்தில் வைத்து, மறுமுனையைக் குளம்பின் நேருக்குக் கொண்டுவரச் சொன்னேன். வெளியிலிருந்து துரை அண்ணன் படித்தார். “ஒண்ணு எண்பது.”

ஆறடி.

கைபேசியில் படம் எடுத்தேன். பிறகு பார்த்தபோது அதில் இருட்டும் என் விரல் நுனியும்தான் தெரிந்தன. வெளியே வந்ததும் ஒருத்தி சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். பூசாரி என் தலைமுடியிலிருந்த காரைத் துணுக்கை எடுத்து, கீழே போடாமல் மடியில் முடிந்துகொண்டார்.

பிரவீன் வந்து பள்ளத்துக்குள் குனிந்து பார்த்தார். மதகுக் கல்லிலிருந்து அளந்து காட்டினேன். ஒத்துக்கொண்டார். கிழக்கு அஸ்திவாரத்தை ஆறடி உள்ளே எடுக்கச் சொல்லி அங்கேயே உத்தரவிட்டார். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

“அப்போ இந்த நாலு காலும் எங்க இடத்துல இருக்கா மேடம்?”

“ஆமா. ரிப்போர்ட்லயும் அப்படித்தான் எழுதப் போறேன்.”

அவர் பக்கத்தில் நின்ற கட்டட மேஸ்திரியைப் பார்த்தார். பிரவீன் இன்னும் எதுவும் கேட்கவில்லை. மேஸ்திரி அதற்குள் இரண்டடி பின்னால் போயிருந்தார். “நான் புள்ளகுட்டிக்காரன் சார்,” என்றார்.

பிரவீன் தள்ளிப் போய் நெடுநேரம் தொலைபேசியில் பேசினார். திரும்பி வந்து பூசாரியிடம் சொன்னார். “மேற்குச் சுவர் இருக்கிற இடத்துலயே இருக்கட்டும்னு சொல்றாங்க. எழுத்துல தரமாட்டாங்க. நான் இருக்கிறவரைக்கும் யாரும் தொட மாட்டாங்க.”

“நீ எத்தினி வருசம் இருப்ப தம்பி?” என்றார் பூசாரி.

பிரவீன் கைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஆகவே ஊருக்குக் கிடைத்தது இதுதான். பாதை, எழுத்தில். குதிரை, வாய்ப்பேச்சில்.

மூன்று மணிக்குள் பள்ளத்தைக் கல் அடுக்கி, மண் கொட்டி, தண்ணீர் ஊற்றி இடித்து மூடிவிட்டோம். அவ்வளவு எடையை ஒரு வெற்றிடத்தின் மேல் ஓர் இரவுகூட நிறுத்தி வைக்க எனக்கு மனமில்லை. மூடியபின் கல் மீண்டும் யார் கண்ணுக்கும் இல்லை. அறிக்கையில் எழுதினேன்: கல் உள்ளது, நேரில் தொட்டுப் பார்த்தேன். இனி யார் கேட்டாலும் அந்த ஒரு வரிதான் சாட்சி. கையெழுத்துப் போடும்போது வழக்கத்தைவிட மெதுவாகப் போட்டேன்.

“அடுத்த தடவ பூசும்போது இன்னா பண்றது மேடம்?” என்று கேட்டார் பூசாரி.

“பூசுங்க. ஆனா எவ்ளோ பூசினீங்கன்னு கால் மேலயே எழுதி வச்சிடுங்க.”

அவர் உள்ளே போய்க் கறுப்பு எனாமல் டப்பாவும் பிரஷும் கொண்டுவந்தார். “நீங்களே ஆரம்பிச்சு வைங்க. எங்க எழுத்து கோணும்.”

பீடத்தின் மேல் ஏறி நின்று, வெள்ளைக் காலில், கண்மட்டத்தில் எழுதினேன். சர்வே எண். அதன் கீழே, ‘கல் உள்ளே, ஆறடியில்.’

“உபயம்னு உங்க பேரு போட்டுக்குங்க,” என்றார் பூசாரி. கோயிலில் குழல்விளக்குவரை எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் பெயர் இருந்தது. வேண்டாம் என்றேன். வேண்டும் என்றுதான் இருந்தது.

ஷிப்டு முடிந்து ரஞ்சிதம் வந்தாள். கையில் பாத்திரம் கழுவிய ஈரம் காயவில்லை. எழுத்தைப் பார்த்து நின்றாள். “படிங்க மேடம்.” படித்தேன்.

“பாதைய எழுதலியா?”

“அது வரைபடத்துல வந்துடும்ங்க. ஆபீஸ்ல இருக்கும். யாரும் மாத்த முடியாது.”

“ஆபீஸ்ல இருக்கும். நான் தெனம் பாக்கிறது இதத்தானே.”

டப்பாவில் அடியோடு ஒட்டிக் கொஞ்சம் வர்ணம் மிச்சமிருந்தது. பிரஷை அதில் அழுத்தித் தேய்த்து எடுத்து, மற்றதைவிடப் பெரிய எழுத்தில், அவள் பார்த்துக்கொண்டிருக்க, கீழே எழுதினேன்: ‘பாதை எட்டடி.’